தூளிக்குள் ஆள் இருக்கிறது

அந்தத் தீவின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் கூட்டம் கூடிவிடும் என்ற பயமெல்லாம் இல்லை. நான் எழுதியதைப் படித்துவிட்டு இதுவரை உலகத்தில் எங்கேயும் கூட்டம் கூடியதில்லை. தீவுக்காரர்கள் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை தூங்குகிறவர்கள், அந்தத் தூக்கத்தை ஒருமுறை கெடுத்த பாவமே எனக்குப் போதும். மெக்சிகோவின் கிழக்கில், யுகதான் என்ற நிலப்பகுதி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நாளுக்கு ஒரே ஒரு படகு போய்வரும் தூரத்தில் அது இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாயர்கள் செழித்திருந்த காலத்தில், நிலவுக்கும் நெசவுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரியவளான இஷ்செல் என்ற அம்மனைத் தேடி, பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் தோணியேறித் தீவுகளுக்குப் போவார்களாம். துணைக்கு ஆள் கிடைத்தவர்கள் பெரிய கோயில் இருந்த பெரிய தீவுக்குப் போனார்கள், கிடைக்காதவர்கள் தனியாகத் துடுப்புப் போட்டு இந்தச் சின்னத் தீவுக்கு வந்தார்கள், வந்தவர்களில் கொஞ்சம் பேர் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள், இப்போது இருக்கும் முந்நூறு பேரும் தாங்கள் அப்படித் தங்கியவர்களின் வம்சம்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெரிய தீவில் கப்பல் கப்பலாகச் சுற்றுலாக் கூட்டம் இறங்குகிறது. இங்கே இடிந்த கோயிலுக்குத் தினமும் வருவது முழங்கை நீள ஓணான்கள் மட்டும்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்களாக விசாரித்துத் தெரிந்துகொள்ள வாய்ப்பில்லை. பெயர் சோலைமலை, ஊர் மதுரை, குடிநீர்த் துறையில் உதவிப் பொறியாளர், வயது ஐம்பத்தொன்று, 'மயனின் மதுரை முகவரி' என்ற முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆராய்ச்சி நூலின் ஆசிரியர். அசுரர்களுக்கு மாளிகை கட்டிக்கொடுத்த மயன் தமிழன், மயனின் வாரிசுகள் மாயர்கள், ஆகவே மாயர்கள் நம் சொந்தக்காரர்கள் என்பது நூலின் சாரம். ஆதாரங்களில் தலையாயது, மக்காச்சோள மாவை மட்டையில் மடித்து ஆவியில் வேகவைக்கும் அவர்கள் கொழுக்கட்டைக்குத் தமாலே என்று பெயர், நாம் பேசுவது தமிழ், நடுவில் இருக்கிற வித்தியாசம் கடல்காற்றில் தேய்ந்தது. இந்த ஒரு விஷயத்துக்கே நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அச்சிட்ட பிரதிகளில் பெரும்பங்கு எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, கட்டில் ஆடாமல் நிற்பது என் புத்தகத்தால்தான் என்று மரகதம் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள்.

மரகதம் என் மனைவி. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், குழந்தை இல்லை. அவள் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு வீட்டாரும் முடிவு கட்டிவிட்டார்கள், நானும் மறுத்துப் பேசியதில்லை. அவள் போட்டுக்கொள்ளாத ஊசி இல்லை, சுற்றாத அரசமரம் இல்லை, மண்சோறு சாப்பிட்டிருக்கிறாள், வளைகாப்பு வீடுகளில் வளையல் பூட்டும் வரிசையிலிருந்து தானாகவே விலகி சமையல்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவியிருக்கிறாள். நாற்பது தாண்டியதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். மனசு ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள், நான் அப்பாடா என்று நினைத்தேன்.

ஹூஸ்டனில் இருக்கும் அவள் தம்பி எங்களை ஒரு மாதத்துக்கு வரவழைத்து, பக்கத்தில் எங்கேயாவது ஒரு பத்து நாள் போய்வாருங்கள் அத்தான் என்றான். நான் மாயர் நாட்டைத் தவிர வேறு எங்கும் போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஆராய்ச்சிக்காரர்கள் யாரும் அதிகம் தொடாத தீவு என்று இதைத் தேடிப் பிடித்தவனும் நானே. தொடாததற்கு அங்கே தொடுவதற்கு ஒன்றும் இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அந்தத் தீவுல என்னதான் இருக்குங்க?" என்று மரகதம் விமானத்தில் கேட்டாள்.

"பிள்ளைவரம் குடுக்குற ஒரு அம்மன் இருந்துச்சாம். அது நம்ம பேச்சியம்மனோட கிளைன்னு நான் நிரூபிக்கப் போறேன்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தீவில் இறங்கியதும் எங்களுக்குக் கிடைத்தவர் யூலாலியா. அறுபது வயது, உருண்டையான உடம்பு, பூவேலை செய்த வெள்ளை அங்கி. இடிந்த கோயிலுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவர் அவர்தான், அறை வாடகைக்கு விடுபவரும் அவர்தான். அங்கே பேசப்பட்டதையெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர்கள் பாதி ஸ்பானிஷும் கால் இங்கிலீஷும் மிச்சம் கையுமாகப் பேசினார்கள், எனக்கு அது அப்படித்தான் கேட்டது. அறையில் கட்டில் இல்லை. அந்தத் தீவில் எந்த வீட்டிலும் கட்டில் இல்லை, பச்சைக் குழந்தையிலிருந்து பல் போனவர்வரை நூலில் பின்னிய வலைத்தூளியில்தான் படுக்கிறார்கள், அதிலேயே பிறக்கிறார்கள், அதிலேயே கண்ணை மூடுகிறார்கள், ஒரு துணி தொங்குகிறது என்றால் அதில் ஆள் இருக்கிறது என்பது அங்கே நாய்களுக்குக்கூடத் தெரியும். நான் ஏறுவதற்குள் மூன்று தடவை விழுந்தேன். மரகதம் முதல் தடவையிலேயே ஏறிப் படுத்து, இத்தனை வருடம் கட்டிலில் படுத்தது தப்பு என்றாள்.

மறுநாள் காலையில் கோயிலைப் பார்த்தோம். கோயில் என்பது இடுப்பளவு சுவர் நான்கு, கூரை போன மேடை ஒன்று, இடியாமல் நிற்கும், குனியாமல் நுழைய முடியாத வாசல் நிலை ஒன்று. நான் குனியாமல் நுழைந்து நெற்றியில் இடித்துக்கொண்டேன், அது நம் கருவறை வாசலேதான் என்று வலியோடு குறிப்பெடுத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் காய்ந்த சுண்ணாம்புக்கல் மேல் குதித்துக் குதித்துச் சுவரை முழம் போட்டு அளந்தேன். எனக்கு வேண்டிய எண் வரும்வரை என் முழத்தை நீட்டியும் குறுக்கியும் அளந்ததை யூலாலியா சீட்டுக்கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய இலவ மரம். நான் அளந்து முடித்துத் திரும்பியபோது மரகதம் தன் சுங்குடிச் சேலையின் முந்தானை நுனியைக் கிழித்து, தாழ்ந்த கிளை ஒன்றில் சின்னத் தூளியாகக் கட்டி, கடற்கரையில் பொறுக்கிய ஒரு வழவழப்பான கல்லைக் குழந்தையாக உள்ளே கிடத்தி, மூன்று முறை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். நம் ஊரில் எத்தனையோ கோயில் மரத்தில் பார்த்ததுதான். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, இலவ மரமும் நம் ஊர் மரம்தான் என்று நோட்டில் எழுதப் போய்விட்டேன்.

அடுத்த நாள் நாங்கள் சோள ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யூலாலியா வந்து, காய்கறி வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்:

"தாயி, நீ கட்டுன துணிக்குள்ள ஆள் இருக்கு."

போனோம். கல் வெளியே எடுக்கப்பட்டு வேர் ஓரத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது, படுக்கையில் கிடக்கும் சாமானை எடுத்து ஓரம் வைத்துவிட்டுப் பிள்ளையைக் கிடத்துவது மாதிரி. தூளி அடிவயிறு இறங்கித் தொங்கியது, காற்றில்லாமல் தானாக ஆடியது, உள்ளே எட்டிப் பார்த்தால் சுங்குடிப் புள்ளிகளைத் தவிர ஒன்றுமில்லை, ஆனால் துணியில் சின்னதாக ஒரு குதிகால் உதைத்து உதைத்து மேடு எழும்பியது. யூலாலியா கையை விட்டு எடுத்தார், தோளில் போட்டார், முதுகில் தட்டினார். அவர் தோள்பட்டைத் துணி நனைந்தது.

நடந்தது என்ன என்பதில் தீவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊர்ச் சாமிகளுக்குத் தொட்டில் கட்டினால் அது மனு என்று தெரியும், வரிசை எண் போட்டு வைத்துக்கொண்டு ஆற அமரப் பார்ப்பார்கள், பெரும்பாலும் பார்க்கவும் மாட்டார்கள். இஷ்செல்லுக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. அவள் ஊரில் தூளி என்றால் படுக்கை, படுக்கை தயாராகிவிட்டது என்றால் பிள்ளையை ஏன் தாமதிக்க வேண்டும் என்று கிடத்திவிட்டாள். பல நூறு வருடம் யாரும் கேட்டு வராததால் கையிருப்பில் உருவம் போடாத பிள்ளைதான் இருந்திருக்கும், அதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்று யூலாலியா விளக்கினார்.

தீவு அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொண்டது, புதிதாக வந்த எந்தப் பிள்ளையையும் ஏற்றுக்கொள்கிற மாதிரி. பெண்கள் முறை வைத்துத் தூக்கினார்கள், மூக்கு தன் பக்கத்துச் சாயல் என்று ஆளாளுக்குத் தடவிப் பார்த்துச் சண்டை போட்டார்கள், சோளக் கஞ்சியை விரலில் தொட்டு நீட்டினால் விரல் சுத்தமானது. படகுக்காரர் கரைக்கு வரும்போது ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார், சேவல்கள் தீவின் மறுகோடிக்கு மாற்றப்பட்டன, ஞாயிற்றுக்கிழமை படகில் வந்த பாதிரியார் எந்த இடத்தில் தண்ணீர் விடுவது என்று கொஞ்சம் தயங்கிவிட்டு ஊற்றினார், தண்ணீர் காற்றில் ஒரு சின்னத் தலையின் அளவுக்கு வளைந்து இரண்டு காதுகளின் பக்கமாக வழிந்தது, பெரிய காது என்று எல்லோரும் சொன்னார்கள். அதிசயம் என்று வாயைப் பிளந்தவன் அந்தத் தீவில் நான் ஒருவன்தான். அதிசயத்தைத் தேடி வந்தவனும் நான்தானே, எனக்கு வேண்டிய அதிசயம் இது இல்லை என்பதுதான் சிக்கல்.

இன்னொரு சிக்கல், பிள்ளை மதியம் தூங்கவில்லை. ஒரு மணிக்குச் சரியாக ஆரம்பிக்கும், நான்கு மணிவரை அழும், அந்த அழுகைக்கு ஓணான்களெல்லாம் சுவரை விட்டு இறங்கிக் கடல்பக்கம் போய்விட்டன. இரண்டு நாளில் முந்நூறு பேரும் கண் சிவந்து, ஒருவரையொருவர் பார்த்து எரிந்துவிழுந்தார்கள். தூளிப் பாட்டு, கித்தார், சங்கு, ஒன்றும் பலிக்கவில்லை. மரகதமும் பாடிப் பார்த்தாள், அழுகை கொஞ்சம் தணிந்தது, நிற்கவில்லை.

பிள்ளை வந்த மூன்றாம் நாள் நிக்கனோர் வந்தார். தீவின் தலைவர், பிறப்பு இறப்புப் பதிவாளர், படகுச் சீட்டுக் கொடுப்பவர், மூன்றும் அவரே. ஒல்லியானவர், மூன்று வேலைக்கும் மூன்று தொப்பி வைத்திருந்தார், அன்று தலைவர் தொப்பி.

"என்ஜினீயர் சார், நீங்க ஒரு புஸ்தகம் எழுதியிருக்கீங்களாமே, எங்களைப் பத்தி?" என்றார்.

வாழ்க்கையில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பெட்டியிலிருந்த பிரதியை எடுத்துவந்து, மர நிழலில் நின்று, முதல் அத்தியாயத்தைக் கம்பீரமாகப் படித்து வாக்கியத்துக்கு வாக்கியம் பொருள் சொல்லத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தில் அழுகை விக்கலாயிற்று. நான்காம் பக்கத்தில் தூளி ஆடாமல் நின்றது. தமிழ் கேட்டதும் ரத்தம் ரத்தத்தை அறிந்துகொண்டது என்று என் கண் கலங்கியது. நிமிர்ந்து பார்த்தால் நிக்கனோரும் தூங்கிவிட்டார், அவர் காலடியில் இரண்டு நாய்கள் தூங்கின, சீட்டுக்கூண்டில் யூலாலியாவின் குறட்டை.

"எங்க பழைய சாமியார் பிரசங்கத்துக்கும் இதே குணம் இருந்துச்சு" என்று நான்கு மணிக்கு எழுந்த யூலாலியா சொன்னார். "அவர் போனப்புறம் இப்பத்தான் இப்படித் தூங்குறோம்."

அதன்பிறகு நான் தீவுக்கு இன்றியமையாதவன் ஆனேன். ஒரு மணி ஆனதும் முந்நூறு பேரும் தங்கள் வலைத்தூளிகளைக் கொண்டுவந்து கோயில் மரங்களில் கட்டிக்கொள்வார்கள், தமாலே அத்தியாயத்தைப் படித்த அன்று பறவைகள்கூட வாயை மூடிக்கொண்டன, அது ஆழ்ந்த அத்தியாயம் என்று எனக்கு முன்பே தெரியும். வழியில் பார்ப்பவர்கள் நெஞ்சில் கைவைத்து வணங்கினார்கள். மதுரையில் பதினான்கு வருடம் காத்திருந்தும் கிடைக்காத மரியாதை எனக்குத் தூங்குகிறவர்களிடமிருந்து கிடைத்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒன்றை நான் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்தேன். தீவில் எல்லோரும் பிள்ளையைத் தூக்கினார்கள், மரகதம் தூக்கவில்லை. நாள் முழுக்கத் தூளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுவாள், யாராவது பிள்ளையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

நாங்கள் தீவுக்கு வந்த ஏழாம் நாள் கேட்டேன். "நாளன்னைக்குப் படகு. பிள்ளையை என்ன பண்ணலாம்கிற?"

"இங்கயே இருக்கட்டுங்க."

"நீதான வேண்டி வாங்குன?"

"வேண்டுனேன்தான்." அவள் தூளியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் வயித்துலதான் எதுவும் தங்கலையே. என் கை பட்டு இதுவும் தங்காமப் போச்சுன்னா? இங்க இத்தனை பேர் இருக்காங்க, நல்லாப் பாத்துக்குவாங்க. நல்லா இருக்குன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

அவளுக்கு நான் சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவனுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, அன்றைய பகுதியைப் படிக்கப் போனேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது, குரல் மட்டும் கம்பீரமாகவே வந்தது.

ஒன்பதாம் நாள். ஐந்து மணிக்குப் படகு. ஒரு மணிக்கு எல்லோரும் மரங்களில் தூளி கட்டிப் படுத்துவிட்டார்கள், கடைசி அத்தியாயம் என்று சொல்லி அனுப்பியிருந்ததால் நோயாளிகளையும் தூக்கிவந்திருந்தார்கள். கடைசிப் பக்கம் இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. பிள்ளை சிணுங்கியது. நன்றியுரையைப் படித்தேன், மேற்கோள் நூல்களைப் படித்தேன், பிழைதிருத்தப் பட்டியலைப் படித்தேன், அது நீளமானது, அதுவும் முடிந்தது. தூளி ஆடத் தொடங்கியது. மரகதம் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான் பட்டியலையே பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"இதுல ஒரு பிழை விட்டுப்போச்சு மரகதம்."

"என்ன பிழை?"

"கல்யாணமாகி மூணாம் வருஷம், டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு."

"ஆமா. உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு வந்துச்சு."

"வரல. நான்தான் அப்படிச் சொன்னேன்."

அவள் விரல் துணியிலேயே நின்றது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரியும். குறை முழுக்க என் பக்கம் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது என்றேன். உனக்கு எதுவுமே இல்லை என்றும் அவர் சொன்னார் என்றேன். தாளை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வீட்டுக்கு வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன், அடுத்த வாரம்தான் மயனைப் பற்றி முதல் வரி எழுதினேன் என்றேன். நீ மண்சோறு தின்ற அன்றைக்கு நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன், அப்போதும் சொல்லவில்லை என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் வழக்கமான ஏற்ற இறக்கத்தோடுதான் போயிருக்க வேண்டும், சுற்றிலும் முந்நூறு பேர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்கள்.

பிள்ளை மட்டும் தூங்கவில்லை. அழவும் இல்லை. துணிக்குள் ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது என்று மேட்டின் வடிவத்திலிருந்து தெரிந்தது.

"அந்தத் தாள் எங்க?" என்றாள் மரகதம்.

"ஆராய்ச்சிக் குறிப்புக்குள்ள வச்சிருக்கேன்." அதை ஒருபோதும் யாரும் திறக்க மாட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

அவள் எழுந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, ஊரே தூங்குகிறதே என்று பார்க்கிறேன் என்று கிசுகிசுத்தாள். பிறகு கிசுகிசுப்பிலேயே என்னைத் திட்டினாள். ஒவ்வொரு ஊசியையும் சொன்னாள், ஒவ்வொரு கோயிலையும் சொன்னாள், ஒவ்வொரு வளைகாப்பையும் வீட்டுக்காரர்கள் பெயரோடு சொன்னாள், என் அம்மா சொன்ன சொல்லை என் அம்மாவின் குரலிலேயே சொன்னாள், என்னை என்னவெல்லாமோ சொன்னாள், அவ்வளவும் உண்மை, அவற்றை இங்கே எழுதினால் எந்தப் பதிப்பகமும் போடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டதே கிடையாது, பேசியது அவள் மட்டும்தான் என்றாலும்.

மூச்சு வாங்க நிறுத்தினாள். புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் தூளிக்குள் இரண்டு கையையும் விட்டு, பிள்ளையை எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள். இதற்கு முன் ஆயிரம் பிள்ளைகளை எடுத்தவள் மாதிரி எடுத்தாள். அது தங்கியது. அவள் தாலிக்கொடி பக்கவாட்டில் இழுபட்டு அந்தரத்தில் முறுக்கிக்கொண்டு நின்றது, பிடிக்குப் பலம் அதிகம் போலிருந்தது, அவள் சிரித்தாள், எனக்குத்தான் அழுகை வந்தது. சத்தமில்லாமல்தான் அழுதேன், தூங்குகிறவர்கள் இருந்தார்கள்.

நான்கு மணிக்கு நிக்கனோர் எழுந்து, மரகதத்தின் இடுப்பைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் அலுவலகத்தைத் திறக்கப் போனார். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளையைப் படகில் ஏற்ற முடியாது, கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சட்டம் ஒன்றுதான், ஆள் எடைக்குப் படகு தாழ்வதை வைத்துப் படகுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். பதிவாளர் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பெரிய பதிவேட்டைத் திறந்தார். ஊர் முழுக்கத் தூக்கக் கலக்கத்தோடு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது.

பிறந்த இடம் என்ற கட்டத்தில் மரம் என்று எழுதினார். ஆணா பெண்ணா என்ற கட்டத்துக்கு யூலாலியா கையால் தடவிப் பார்த்துப் பெண் என்றார். நிறம் என்ற கட்டத்தில், பின்னர் தெரிவிக்கப்படும் என்று எழுதினார். தாய் பெயர் என்றதும் மரகதம் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, கணீரென்று, தீவின் மறுகோடியில் இருக்கும் சேவல்களுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"தகப்பன் பெயர்?" என்றார் நிக்கனோர்.

மரகதம் கடலைப் பார்த்தாள். கட்டத்தைக் காலியாகவும் விடலாம், தீவில் பாதிப் பேருக்கு அது காலியாகத்தான் இருக்கிறது, ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்று நிக்கனோர் பொதுவாகச் சொன்னார். ஒரு பக்கம் பேனா, ஒரு பக்கம் படகு. முழம் போட்டு அளந்ததையும் கொழுக்கட்டையையும் காட்டி ஒரு இனத்தையே எங்கள் சொந்தம் என்று உரிமை கொண்டாடியவன் நான், மூன்றடி தள்ளி இருக்கிற ஒரு பிள்ளையைச் சொந்தம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"என்கிட்ட ஆதாரம் எதுவும் இல்ல" என்றேன் நிக்கனோரிடம். "இருக்கிற ஒரே ஆதாரமும் எனக்கு எதிராத்தான் இருக்கு."

"இருபத்தாறு வருஷமா இந்த ஜன்னல்ல உட்கார்றேன், என்ஜினீயர் சார்" என்றார் அவர். "எந்தத் தகப்பனும் ஆதாரம் கொண்டுவந்ததில்ல. வந்து நின்னு பேரைச் சொல்லுவாங்க. நான் எழுதிக்குவேன். அவ்வளவுதான் நடைமுறை."

நான் மரகதத்தைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

"சொல்லட்டுமா?" என்றேன்.

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க. அன்னைக்குக் கேட்டுட்டா சொன்னீங்க?"

"சோலைமலை" என்றேன். குரல் கம்பீரமாக வரவில்லை, அவரால் கேட்க முடியாமல் இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது. அவர் நாக்கை மடித்து முயன்று, சோலோமல் என்று எழுதினார். தப்பு. அச்சுப் பிழைக்காகப் பதிப்பாளரோடு கைகலப்புவரை போனவன் நான், அதைத் திருத்தச் சொல்லவில்லை. இன்னும் ஐந்நூறு வருடம் கழித்து எவனாவது அந்தப் பதிவேட்டைத் தோண்டி எடுத்து, சோலோமல் என்றொரு மாயன் இருந்தான் என்று முந்நூறு பக்கம் எழுதட்டும், யாராவது நன்றாகத் தூங்குவார்கள்.

மை காய நிக்கனோர் ஊதினார். படகுக்காரர் கரையிலிருந்து, ஹாரன் அடிக்காமல், கையை ஆட்டினார். மரகதம் என் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை, மதுரைவரைக்கும் அதற்கப்புறமும் நீளப்போகிற கோபம். வெறுமையாகத் தெரிந்த இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் எதையோ எடுத்து என் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

"பிடிங்க, எனக்குக் கை வலிக்குது" என்றாள். "உங்ககூட நான் பேசல. எப்பப் பேசுவேன்னும் தெரியல. கோவம் எனக்குத்தான், பிள்ளைக்கு இல்ல."

எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தலைக்குக் கீழே கையைக் கொடுங்கள் என்று முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.